தாத்தா பெயரைத் தாங்கிய குட்டிக் கார்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குழந்தை பிறந்தால் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். பெயரைத் தாங்கி வருவதால் "பெயரன்" என்றார்கள். அதுவே "பேரன்" ஆயிற்று.

பெயர் வைத்தவுடன் பெரியவர்கள் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்கள். "தாத்தா பெயரைக் காப்பாற்ற வேண்டும், தெரிந்ததா?" என்பார்கள். பெயர் சும்மா வருவதில்லை. அதோடு ஒரு கடனும் சேர்ந்து வருகிறது.

இது மனிதர்களுக்கு மட்டும்தானா? மோட்டார் காருக்கும் உண்டு!

இத்தாலி நாட்டில் ஒரு குட்டிக் கார். அதற்குப் பெயர் ஓர் எண். "500" என்பதே அதன் பெயர். இத்தாலி மொழியில் "சிங்க்வெசென்டோ" என்று செல்லமாக அழைப்பார்கள். இந்தப் பெயரோடு 1936-ம் ஆண்டில் ஒரு கார் வந்தது. அதே பெயரோடு 1957-ல் இன்னொரு கார் வந்தது. 2007-ல் மறுபடியும் ஒன்று வந்தது. பெயர் ஒன்று, தலைமுறை மூன்று!

அந்தப் பெயரை நம்பி இன்று ஒரு தொழிற்சாலையே இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சுண்டெலி பிறந்தது

இத்தாலியின் வடக்கே டூரின் என்று ஒரு நகரம். ஆல்ப்ஸ் மலைக்கு அருகில் இருக்கிறது. ஊரை ஒட்டி போ என்னும் ஆறு ஓடுகிறது. கோவைக்குப் பஞ்சாலை எப்படியோ, அப்படி டூரினுக்கு மோட்டார் கார். "பியட்" கம்பெனி 1899-ல் அங்கேதான் தொடங்கியது.

அந்தக் காலத்தில் கார் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். சாதாரண மக்கள் நடந்தார்கள், அல்லது சைக்கிளில் போனார்கள். அவர்களும் வாங்கக்கூடிய ஒரு சிறிய காரைச் செய்யக் கம்பெனி நினைத்தது. வேலையை ஓர் இளம் என்ஜினீயரிடம் கொடுத்தது. அவர் பெயர் டாண்டே ஜாகோசா. அப்போது அவருக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை.

1936-ல் கார் வெளிவந்தது. "பியட் 500" என்று பெயர் வைத்தார்கள். என்ஜின் 569 சி.சி. தான். உட்கார இரண்டே பேருக்கு இடம். முன்புறம் இரண்டு விளக்குகள் எலியின் காதுகளைப் போல நின்றன. உடனே ஜனங்கள் ஒரு பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள். "டோபோலினோ" என்றார்கள். சுண்டெலி என்று பொருள். சினிமாவில் வரும் மிக்கி மவுசுக்கும் இத்தாலியில் அதே பெயர்தான்!

இரண்டு பேர் காரில் குடும்பமே ஏறிக்கொண்டது. 1955 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சுண்டெலிகள் தொழிற்சாலையை விட்டு வந்தன.

ஸ்கூட்டரில் ஒரு குடும்பம்

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது. இத்தாலி தோற்றுப் போயிருந்தது. பல ஊர்கள் இடிந்து கிடந்தன. கையில் பணம் இல்லை. ஆனால் வேலைக்குப் போக வேண்டும்.

1946-ல் "வெஸ்பா" ஸ்கூட்டர் வந்தது. அடுத்த ஆண்டில் "லாம்பிரெட்டா" வந்தது. அப்பா ஓட்டுவார். அம்மா பின்னால் உட்காருவாள். குழந்தை முன்னால் நிற்கும். மழை வந்தால் மூவரும் நனைவார்கள்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதா? இல்லை. நம் நாட்டில் ரத்தன் டாடாவுக்கு "நானோ" காரைச் செய்யும் எண்ணம் வந்ததும் இப்படி ஒரு குடும்பத்தைச் சாலையில் பார்த்துத்தான்.

ஜாகோசாவும் இதே கணக்கைப் போட்டார். ஸ்கூட்டரில் போகும் அந்தக் குடும்பத்தைக் காருக்குள் ஏற்ற வேண்டும். ஆனால் விலை அவர்களுக்கு எட்ட வேண்டும். என்ன செய்வது?

10 அடிக்கும் குறைவு!

எதையெல்லாம் குறைக்க முடியுமோ, அதையெல்லாம் குறைத்தார்.

காரின் நீளம் 2.97 மீட்டர். அதாவது 10 அடிக்கும் குறைவு. எடை சுமார் 500 கிலோ. என்ஜின் 479 சி.சி. அதன் பலம் 13 குதிரைச் சக்தி. இன்று நம் தெருவில் ஓடும் 150 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பலம் உண்டு!

என்ஜினைப் பின்புறம் வைத்தார். அது காற்றினாலேயே குளிர்ந்துகொள்ளும். ஆகவே தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர் வேண்டாம். செலவு மிச்சம். முன் மூடியைத் திறந்தால் பெட்ரோல் தொட்டி இருக்கும். மிச்ச இடத்தில் ஒரு சிறு பெட்டி வைக்கலாம்.

காரின் உடல் முட்டை போல உருண்டையாக இருந்தது. அழகுக்காக மட்டும் அல்ல. தட்டையான தகடு எளிதில் நெளியும். வளைந்த தகடு மெல்லியதாக இருந்தாலும் உறுதியாக நிற்கும். முட்டை ஓட்டை நினைத்துப் பாருங்கள்.

கூரையோ துணி! வெயில் நாளில் சுருட்டிவிடலாம். இரும்புத் தகடும் மிச்சம். என்ஜின் இரைச்சலும் மேலே போய்விடும்.

1957-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி இந்தக் கார் வெளிவந்தது. பழைய சுண்டெலியின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். "நுவோவா 500" என்றார்கள். "புதிய 500" என்று அர்த்தம். விலை 4 லட்சத்து 90 ஆயிரம் லிரா. ஒரு தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம்.

விலை போகவில்லை

எல்லோரும் ஓடி வந்து வாங்கினார்களா? அதுதான் இல்லை!

குறைத்ததில் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டார்கள். பக்கத்துக் கண்ணாடியை இறக்க முடியாது. பின்னால் ஒழுங்கான ஆசனம் இல்லை. அப்போது பியட் கம்பெனியின் இன்னொரு கார், "600" என்பது, விற்பனையில் இருந்தது. இன்னும் ஒரு லட்சம் லிரா சேர்த்தால் அதை வாங்கலாம். நான்கு பேர் வசதியாகப் போகலாம். ஜனங்கள் கணக்குப் பார்த்தார்கள். "பொறுத்தது பொறுத்தோம், இன்னும் கொஞ்சம் சேர்த்து வைப்போம்" என்றார்கள்.

ஏழைக்கான பொருள் என்பதால் எப்படியும் இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. இந்தப் பாடத்தைக் கம்பெனி சில மாதங்களிலேயே கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கண்ணாடி இறங்கியது. பின்னால் மெத்தை வந்தது. என்ஜினுக்குச் சற்றுக் கூடுதல் பலமும் வந்தது. 1959-ல் சிறந்த வடிவமைப்புக்கான "தங்கக் கவராயம்" என்னும் இத்தாலிப் பரிசு இந்தக் காருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு அதைப் பிடிக்க யாராலும் முடியவில்லை.

ஊருக்குப் போன கார்

இத்தாலியின் தென்பகுதி வறண்ட பூமி. அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் பிழைப்புத் தேடி வடக்கே வந்தார்கள். டூரின் தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். மிலானிலிருந்து நேப்பிள்சு வரை பெரிய நெடுஞ்சாலை போடும் வேலை 1956-ல் தொடங்கியது. 1964-ல் முடிந்தது. 750 கிலோ மீட்டருக்கும் அதிக நீளம். "சூரியச் சாலை" என்று அதற்குப் பெயர்.

ஆகஸ்டு மாதம் தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. நமக்குப் பொங்கல் எப்படியோ, அப்படி. மூட்டை முடிச்சுகளோடு எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அவர்கள் மடியில் சாமான்கள். தலைக்கு மேலே திறந்த துணிக்கூரை. முதலில் வந்த கார் மணிக்கு 85 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. போனால் என்ன? ஊர் வந்து சேர்ந்தால் போதும்!

அதை ஓட்டுவதும் ஒரு கலை. ஸ்டார்ட் செய்ய இரண்டு ஆசனங்களுக்கு நடுவே ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைக் கையால் இழுக்க வேண்டும். கியர் மாற்றும்போது கிளச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் "கரகர" என்று கத்தும். அந்தச் சத்தம் வயதான இத்தாலியர்களுக்கு இன்றும் இளமை நினைவு.

நமக்கும் ஓர் உறவு

"இத்தாலிக் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று நம் சாலைகளில் மூன்றே வகைக் கார்கள் ஓடிய காலம் ஒன்று உண்டு. அந்த "பியட்" கார் பியட் 1100. அதை உருவாக்கியவரும் இதே ஜாகோசாதான்! பம்பாயில் பிரிமியர் கம்பெனி அதைச் செய்து விற்றது.

நடுத்தர வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊர் டாக்டரிடம் ஒரு பியட் இருக்கும். வாசலில் அது வந்து நின்றால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெரு தெரிந்துகொள்ளும். ஸ்டீரிங் அருகிலேயே கியர் கம்பி இருக்கும். முன் ஆசனம் ஒரே பெஞ்சாக இருக்கும். அதில் டிரைவரோடு இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம்.

1970-களில் அந்தக் கார் பெயர் மாறியது. "பிரிமியர் பத்மினி" ஆயிற்று. நடிகை பத்மினியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நம் ஊரில் நினைத்தவர்கள் உண்டு. ராஜபுத்திர ராணி பத்மினியின் பெயர் அது என்பார்கள். பம்பாயில் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரில் கடைசியாக விடைபெற்றன. அன்று பலர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

தூங்கிய பெயர்

இனி இத்தாலிக்குத் திரும்புவோம்.

1975-ல் "500" நின்றது. கடைசிக் கார் சிசிலித் தீவில் உள்ள டெர்மினி இமெரெசே தொழிற்சாலையில் உருவானது. 18 ஆண்டுகளில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வந்திருந்தன.

1991-ல் ஒரு சதுர வடிவக் கார் வந்தது. "சிங்க்வெசென்டோ" என்று எழுத்தில் பெயர் எழுதி விற்றார்கள். நல்ல கார்தான். ஆனால் அதில் தாத்தாவின் முகம் தெரியவில்லை என்று பலர் நினைத்தார்கள். 1998-ல் அதுவும் நின்றது.

இதற்கிடையே பழைய காரை ஜனங்கள் விடவில்லை. கார்லெண்டா என்னும் சிற்றூரில் 1984-ல் "500" பிரியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கே ஒரு காட்சிசாலையும் உண்டு. அதற்கு ஜாகோசாவின் பெயர்! ஆண்டுதோறும் கோடை காலத்தில் குட்டிக் கார்கள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேருகின்றன. 2017-ல் நியூயார்க் நகரின் நவீனக் கலைக் காட்சிசாலை ஒரு பழைய 500-ஐத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஏழை வீட்டு வாசலில் நின்ற கார், கலைப்பொருளாகிவிட்டது!

பேரன் வந்தான்

புதிய நூற்றாண்டு பிறந்தபோது பியட் கம்பெனி பெரும் நஷ்டத்தில் இருந்தது. 2004-ல் செர்ஜியோ மார்க்கியோன்னே தலைமை ஏற்றார். அதே ஆண்டு ஜெனீவா கார்க் கண்காட்சியில் ஒரு மாதிரிக் கார் நின்றது. ராபர்டோ ஜோலிட்டோ என்பவர் வரைந்தது. அதே உருண்டை முகம். அதே வட்ட விளக்குகள். பார்த்தவர்கள் "இது நம்ம 500 அல்லவா!" என்றார்கள்.

2007-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. பழைய கார் பிறந்து சரியாக 50 ஆண்டு. டூரினில் போ ஆற்றங்கரையில் பெரிய விழா நடந்தது. புதிய "500" வந்தது. அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசையும் வாங்கியது. விற்பனை 20 லட்சத்தைத் தாண்டிப் போயிற்று. தாத்தா பெயர் கம்பெனியைத் தூக்கி நிறுத்த உதவியது.

ஆனால் பேரன் தாத்தாவைப் போலவா இருந்தான்? முகம் மட்டும்தான் அது. என்ஜின் முன்னால் போய்விட்டது. பலம் 13-லிருந்து 69 குதிரைச் சக்தி ஆயிற்று. நீளம் 2 அடி கூடிவிட்டது. 2020-ல் வந்த மின்சார 500-ன் எடையோ 1,200 கிலோவுக்கும் அதிகம். தாத்தாவைப் போல இரண்டு காரை அடுக்கினாலும் அந்த எடை வராது!

இதில் குற்றம் சொல்ல முடியாது. இன்று காருக்குக் காற்றுப்பை வேண்டும். மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்கும் உறுதி வேண்டும். பழைய கார் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே நடுக்கம் வரும்.

விலைதான் பெரிய மாற்றம். தாத்தா ஸ்கூட்டர்காரருக்காகப் பிறந்தவர். பேரனோ நாகரிகப் பொருளாகப் பிறந்தான். 2008-ல் இந்தக் கார் நம் நாட்டுக்கும் வந்தது. விலை ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய்! அதன் பெயர் இங்கே யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

"நீ எந்த ஊர்?"

இன்னொரு கேள்வியும் எழுந்தது. பேரன் பிறந்தது டூரினில் அல்ல. போலந்து நாட்டில்! அங்கே டிஹி என்னும் ஊரில் செய்தார்கள். செலவு குறைவு என்பதே காரணம். தாத்தாவின் கடைசிக் கார் பிறந்த சிசிலித் தொழிற்சாலையில் பியட் உற்பத்தி 2011-ல் நின்றுபோனது.

2021 முதல் பியட், "ஸ்டெல்லாண்டிஸ்" என்னும் பெரிய நிறுவனத்துக்குள் இருக்கிறது. 2023-ல் அது "டோபோலினோ" என்ற பெயரையும் எழுப்பியது. இந்தச் சுண்டெலி, மின்சாரத்தில் ஓடும் இருவர் வண்டி. செய்வது மொராக்கோ நாட்டில். 2024 மே மாதம் லிவோர்னோ துறைமுகத்தில் 134 டோபோலினோக்கள் வந்து இறங்கின. போலீசார் அவற்றைப் பிடித்து வைத்துவிட்டார்கள்! என்ன காரணம்? கதவில் இத்தாலிக் கொடியின் சிறு படம் ஒட்டியிருந்தது. மொராக்கோவில் செய்ததற்கு இத்தாலிக் கொடியா என்பதுதான் கேள்வி. வடிவமைத்தது டூரினில்தான், ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று கம்பெனி சொன்னது. கொடிப் படம் நீக்கப்பட்டது.

அதற்கு முந்தைய மாதம் இன்னொரு வேடிக்கை. ஆல்பா ரோமியோ ஒரு புதுக் காருக்கு "மிலானோ" என்று பெயர் வைத்தது. மிலான் நகரத்தின் பெயர். கார் செய்வதோ போலந்தில். மந்திரி ஆட்சேபித்தார். சட்டப்படி தவறில்லை என்று கம்பெனி சொன்னாலும், சில நாட்களில் பெயரை மாற்றியது. புதுப் பெயர் என்ன தெரியுமா? "ஜூனியர்". அதுவும் 1960-களின் பழைய பெயர்தான்!

தொழிலாளர் வீட்டு அடுப்பு

டூரினில் மிராபியோரி என்று ஒரு தொழிற்சாலை. 1939-ல் திறந்தது. நல்ல காலத்தில் 50,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். பின்னர் ஆட்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

மின்சார 500-ஐ அங்கேதான் செய்தார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2024-ல் வாரக்கணக்கில் வேலை நின்றது. தொழிலாளர்கள் குறைந்த சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஊரெங்கும் 500 ஓடுகிறது. அதைச் செய்யும் கைக்கு வேலை இல்லை! அந்த ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி இத்தாலி முழுவதும் கார்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரோம் நகரில் ஊர்வலம் போனார்கள்.

கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. மின்சாரக் காரின் உடலிலேயே பெட்ரோல் என்ஜினைப் பொருத்துவது, அதற்குத் துணையாக ஒரு சிறு மின்மோட்டார் வைப்பது, அதையும் மிராபியோரியில் செய்வது என்று தீர்மானித்தது. 2025 நவம்பரில் அந்த 500 உற்பத்தி தொடங்கியது. குட்டிக் காரின் பெயர் தான் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தது.

இனி அது எவ்வளவு விற்கும்? எத்தனை வீட்டில் அடுப்பு எரியும்? காலம்தான் சொல்ல வேண்டும்.

பழைய பெயரைக் கேட்டால் நம் மனம் இளகுகிறது. அப்பா ஓட்டிய கார், அம்மா மடியில் உட்கார்ந்து போன பயணம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. வியாபாரிக்கு இது தெரியும். அதனால்தான் பழைய பெயர்களைத் தேடி எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பெரிதாக்கியவர்கள் யார்? மாதம் மாதம் பணம் சேர்த்து வாங்கிய சாதாரண மக்கள், தகட்டை வளைத்து முடுக்கிய தொழிலாளர்கள். பெயர் அவர்களுடைய சொத்தும்தான்.

தாத்தா பெயரை வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. தாத்தா வாழ்ந்த வீட்டில் பேரன் விளக்கேற்றவும் வேண்டும்!